கண் மூடிய லேயர்

அந்த ஸ்டுடியோவில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டச்சிங் என்றால் டச்சிங். "டச்சிங் வந்தாச்சா?", "இதை டச்சிங்கிட்ட கொடு", "டச்சிங், சாப்டியா?" இருபத்திரண்டு வருஷமாக இதே பாட்டுதான். கட்டிய பெண்டாட்டியே ஒருநாள் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு "டச்சிங் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேலை என்ன என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. பருவை எடுப்பது, தொப்பையை உள்ளே தள்ளுவது, படம் எடுக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடித்தொலைத்தவனுக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டுவது, வராத மாமாவை வரவைப்பது, வந்து வம்பு செய்த மாமாவைப் படத்தைவிட்டுத் துரத்துவது. இதற்கென்றே மூன்று ஃபோல்டர் வைத்திருந்தான்: கைகள், கண்கள், வானம். கைகள் ஃபோல்டரில் மட்டும் நானூறு கைகள். மடியில் வைத்த கை, இடுப்பில் வைத்த கை, கட்டிய கை. எவர் எவரோ வாடிக்கையாளர்களின் கைகள். கை சரியாக அமையாத படத்துக்கு அங்கிருந்து ஒன்றை எடுத்து மாட்டினால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. இந்த வேலையில் படத்தை நேராகத் தொடமாட்டார்கள். அசல் படம் அடியில் இருக்கும். அதன்மேல் கண்ணாடித்தாள் வைத்த மாதிரி ஒவ்வொரு திருத்தமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். லேயருக்குப் பக்கத்தில் திரையில் பொடியாக ஒரு கண் படம் இருக்கும். அமுக்கினால் கண் மூடும், அந்த லேயரில் உள்ளது மறைந்துபோகும். மறுபடி அமுக்கினால் கண் திறக்கும், எல்லாம் திரும்பி வந்துவிடும். "எதையும் அழிக்காத, கண்ணை மூடி வை" என்பது டச்சிங் சொல்கிற ஒரே வேதம். நல்ல வேதம்தான். ஆனால் இப்படி மூட்டை கட்டி வைத்த ஃபைல் இருக்கிறதே, அது யானைத் தீனி தின்னும். கண்ணை மூடினாலும் உள்ளே கிடப்பதெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டுதானே கிடக்கும்!

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் வீட்டில் ஒரு படம் எடுத்தார்கள். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள். அம்மாவுக்குக் கேமரா என்றாலே ஓட்டம்; அன்றைக்கு எப்படியோ அக்கா தாஜா செய்து ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் நாற்காலியில். அம்மாவுக்கு இடது பக்கம் அக்கா நின்றாள். அப்பாவுக்குப் பின்னால் இவன்; அப்போது இவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு படம். அதைப் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள்.

மூன்று மாதத்தில் அக்கா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா வீட்டிலிருந்த ஆல்பங்களையெல்லாம் கிழித்தார். சுவரில் இருந்ததையும் இறக்கி உடைத்தார். அப்புறம் சுவர் வெறுமையாக இருப்பது அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. இவனைக் கூப்பிட்டார்.

"ஊர்ல இருக்கிறவன் மூஞ்சியெல்லாம் மாத்துறியே, நம்ம வீட்டுப் படத்தை மாத்து. அவ அதுல இருக்கக்கூடாது."

"அப்பா, அக்கா..."

"யாரு அக்கா? எனக்கு ஒரே புள்ளைதான்."

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. இவனும் சொல்லவில்லை. வாயைத் திறந்து "முடியாதுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? அடித்தா கொன்றிருப்பார்? ஆனால் சொல்லவில்லை. மறுநாள் காலை ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்தான், மதியத்துக்குள் முடித்தான். அக்காவை எடுத்தான். அவள் நின்ற இடத்தில் திரைச்சீலையை வரைந்து மூடினான். படம் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிந்ததால் தன்னையே நகர்த்தி அப்பா அம்மாவுக்கு நடுவில் நிறுத்தினான். அம்மாவின் கை மட்டும் கொஞ்சம் மக்கர் செய்தது. அதையும் சரிக்கட்டினான். முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தபோது, சொல்ல வெட்கம்தான், அவனுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு தையல் தெரியவில்லை. அன்றே அது கூடத்துச் சுவரில் ஏறியது.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்னைப் படத்துலேருந்து எடுத்துட்டியாமே?"

"இல்லக்கா, சத்தியமா அழிக்கல. அசல் அப்படியே அடியில இருக்கு. சும்மா கண்ணை மூடி வெச்சிருக்கேன், அவ்வளவுதான். நீ எப்ப கேட்டாலும் திறந்து தர்றேன்."

"எப்ப கேட்டாலுமா?"

"எப்ப கேட்டாலும்."

இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் ஓட்டினான் அந்த மனுஷன். நான் அழிக்கவில்லை, மூடித்தான் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் நல்ல பிள்ளை, அக்காவுக்கும் நல்ல தம்பி. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இவன் படத்தின் கண்ணை மூடிவிட்டுத் தன் மேல் குற்றமே இல்லை என்று நினைத்துக்கொண்டான். அந்த ஃபைலை வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம், அப்பா பார்த்தால் தொலைந்தது. ஸ்டுடியோவில் யாராவது திறந்து பார்த்துக் கதை கட்டுவார்கள் என்று இன்னொரு பயம். அதனால் ஒருத்தருக்கும் திறந்து பார்க்கத் தோன்றாத பெயராகப் பார்த்து வைத்தான்: 'டெஸ்ட்_பழசு'. என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

ஸ்டுடியோவின் டிஸ்க் நிறைவதும் காலியாவதும் சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதை. கேமரா எடுக்கிற அசல்களை ஆறு மாதத்தில் அழித்துவிடுவார்கள். அது அங்கே சட்டம். மிச்சம் கிடப்பதெல்லாம் டச்சிங்கின் மூட்டைகள். 'கல்யாணம்_கடைசி', 'கல்யாணம்_கடைசி2', 'கல்யாணம்_இதுதான்_கடைசி', 'கல்யாணம்_மாமியார்_சொன்னது' என்று ஒரே படத்துக்கு நாலு ஃபைல். இந்த வருஷத் தொடக்கத்தில் ஒருநாள், முந்தின நாள் எடுத்த கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இடமில்லாமல் போனது. முதலாளி அவன் மேஜைக்கே வந்துவிட்டார்.

"யோவ் டச்சிங், இது கடையா, உன் குடோனா? இடம் கொடுத்தா மடத்தையே பிடுங்குறியே. எல்லாத்தையும் தட்டையாக்கு."

தட்டையாக்குவது என்றால் லேயர்களையெல்லாம் ஒன்றாக அமுக்கிவிடுவது. கண்ணுக்குத் தெரிகிறது மட்டும் மிஞ்சும். ஒன்றரை ஜிபி ஃபைல் எட்டு எம்பி ஆகிவிடும்.

"திருப்பித் திருத்தணும்னா முடியாது சார்."

"பத்து வருஷம் முன்னாடி கல்யாணம் ஆனவன் திருத்தவா வரப்போறான்? அவன் இப்ப வேற கவலையில இருப்பான். செய்யுய்யா."

பதினோராயிரம் ஃபைல். ஒவ்வொன்றையும் தட்டையாக்கும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும்: மறைத்து வைத்த லேயர்களைத் தூக்கி எறிந்துவிடவா? கண் மூடிய லேயர் இருந்தால்தான் கேட்கும். பதினோராயிரம் தடவை எவன் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்? தானாகவே ஓடும்படி ஒரு ஆக்‌ஷன் எழுதினான். கேள்வி கேட்காதே, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று எடுத்துக்கொள் என்று அதற்குச் சொல்லியும் வைத்தான். கைகள், கண்கள், வானம் மூன்றையும் மட்டும் ஞாபகமாக வேறு டிஸ்க்குக்கு நகர்த்தினான். தொழிலுக்கு வேண்டுமே! மிச்சத்தை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் வந்து பார்த்தால் டிஸ்க்கில் பாதிக்குமேல் காலி. முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "நம்ம டச்சிங் ஒரு மாடியே கட்டிக் கொடுத்துட்டான்யா" என்றார். இவனும் இளித்தான். காப்புக்காக வைத்திருந்த இன்னொரு டிஸ்க், வழக்கம்போல முதல் டிஸ்க்கைப் பார்த்து அன்று சாயங்காலம் தன்னையும் அப்படியே மாற்றிக்கொண்டது.

'டெஸ்ட்_பழசு' அவன் நினைவுக்கே வரவில்லை. ஒளித்து வைத்தவனுக்கே மறந்துபோகும்படி ஒளித்து வைத்திருந்தான்.

ஒரு மாதம் கழித்து அம்மா போய்விட்டாள். காலையில் மயங்கி விழுந்தாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா வந்து சேர்வதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் வாசலில் வந்து நின்றபோது அப்பா கதவைத் திறக்கவில்லை. இவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அக்கா நரைத்திருந்தாள். அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது.

"சின்னவனே, அந்தக் கண்ணைத் திறந்து குடுடா."

எந்தக் கண் என்று அவன் கேட்கவில்லை. புரிந்துவிட்டது.

"அம்மாவும் நானும் சேர்ந்து இருக்கிறது அது ஒண்ணுதான்டா. வேற எதுவும் எங்கிட்ட இல்ல. ஒரு சின்ன காப்பி போதும், பர்ஸுல வெச்சுக்கிற மாதிரி."

"பத்திரமா இருக்குக்கா. ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டுடியோவுக்கு வா. அன்னிக்கு நான் மட்டும்தான் இருப்பேன்."

"இருக்குல்ல?"

"இருக்குக்கா. சொன்னேன்ல."

போனை வைத்துவிட்டு ஃபைலைத் தேடினான். 'டெஸ்ட்_பழசு' அதே இடத்தில்தான் இருந்தது. பக்கத்தில் அளவு போட்டிருந்தது: எட்டு எம்பி. அதைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை, அளவே சொல்லிவிட்டது. இருந்தாலும் திறந்தான். ஒரே ஒரு லேயர். அப்பா, அம்மா, நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு இவன். மூடுவதற்கும் கண் இல்லை, திறப்பதற்கும் கண் இல்லை. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தான். எட்டு எம்பிதான்.

டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்கு ஓடினான். கடைக்காரர் ஒரு மணி நேரம் பார்த்தார்.

"அழிச்சிருந்தீங்கன்னா எடுத்துக் கொடுத்திருப்பேன் சார். நீங்க அழிக்கல. அது மேலயே எழுதிட்டீங்க. அதுக்கு மேல வேற கல்யாணம்லாம் ஏத்தியிருக்கீங்க."

"கொஞ்சமாவது வராதா?"

"வராது சார். என்ன படம்?"

"ஒரு டெஸ்ட்" என்றான் இவன். அப்போதும் உண்மை வரவில்லை அந்த வாயில்.

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? அக்காவைக் கூப்பிட்டு, "தப்புப் பண்ணிட்டேன், போச்சுக்கா" என்று காலில் விழுந்திருக்க வேண்டும். அவள் நாலு அறை விட்டிருப்பாள், வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் கையில் வித்தை இருக்கிறவனுக்குப் புத்தி அந்தப் பக்கம் போகாது. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வந்த வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவன் போனில் அக்காவின் நம்பருக்குப் பக்கத்தில் அவள் முகப்படம் இருந்தது, இப்போதைய முகம். அதை எடுத்தான். நரையைக் கறுப்பாக்கினான். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை எடுத்தான், கழுத்துச் சுருக்கத்தை நீவினான். பதினோரு வருஷத்தை ஒன்றரை நாளில் துடைத்தான். யாரோ ஒரு கல்யாணத்துத் தோழியின் உடம்பை எடுத்து அதில் அந்தத் தலையை வைத்தான். நடுவில் நின்றிருந்த தன்னைப் பழையபடி அப்பாவுக்குப் பின்னால் தள்ளினான். அம்மாவின் இடது பக்கம் அவளை நிறுத்தி, நிழல் போட்டு, வெளிச்சம் ஒத்துவரப் பார்த்தான். முடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான். தையல் தெரியவில்லை. நாசமாய்ப் போக, மறுபடியும் அந்தப் பெருமை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்கா வந்தாள். அவன் எழுந்து நாற்காலியைப் போட்டான். அவள் உட்காரவில்லை. மேஜைமேல் பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று என்று இரண்டு பிரிண்ட் எடுத்து வைத்திருந்தான். பெரியதைக் கையில் எடுத்தாள்.

முதலில் சிரித்தாள். "அய்யோ, எப்படி இருந்திருக்கேன் பாரேன்!" என்றாள். அப்புறம் அம்மாவின் முகத்தை விரலால் தொட்டாள். அப்படியே அழுதாள். இவனுக்கும் கண் கலங்கியது. தப்பித்தோம் என்று மனசுக்குள் ஒரு மூச்சு விட்டான்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அம்மா கை எங்கடா?"

"இருக்கே அக்கா. மடியில."

"மடியில இல்லடா. என் மணிக்கட்டைப் பிடிச்சிட்டிருந்தா. படம் எடுக்கிறதுன்னா அவளுக்கு நடுக்கம்ல, கெட்டியா பிடிச்சிட்டிருந்தா. விடும்மான்னு சொன்னேன், விடல. 'எடுக்கட்டும், அப்புறம் விடுறேன்'னா."

அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மக்கர் செய்த கை. அக்காவை எடுத்ததும் அம்மாவின் கை எதையோ இறுக்கிப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றது. பார்க்க நன்றாக இல்லை. அதனால் அதையும் வெட்டினான். கைகள் ஃபோல்டரைத் திறந்து, மடியில் வைத்த கை ஒன்றாகப் பார்த்து மாட்டினான்.

அக்கா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "அம்மாவுக்கு இந்தச் சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும். கதவுல நசுங்கினது. இது நேரா இருக்கு." நிமிர்ந்தாள். "இது யார் கை?"

அவன் சின்ன பிரிண்ட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"கேக்குறேன்ல. யார் கைடா இது?"

"தெரியலக்கா."

"தெரியலயா?"

"யாரோ ஒரு கஸ்டமரோடது. எப்பவோ எடுத்து வெச்சது." அதற்குமேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இடமில்லாமல் போனது, தட்டையாக்கியது, ஆக்‌ஷன், எட்டு எம்பி, மீட்டுத் தருகிற கடை, அவள் முகத்தை எடுத்து இளமையாக்கியது, எல்லாம். "மன்னிச்சுடுக்கா. வேணும்னா சொல்லு, விரலை வளைச்சுத் தர்றேன். உன் கையைப் பிடிச்சிருக்கிற மாதிரியே பண்ணித் தர்றேன், ஒருத்தருக்கும் தெரியாது..."

"எனக்குத் தெரியும்டா!"

அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. அக்கா சத்தம் போட்டு அவன் கேட்டதே இல்லை.

"என்னை எடுத்தப்ப எனக்குக் கோவம் வரல. அப்பா சொன்னாரு, நீ பயந்தாங்கொள்ளி, செஞ்சுட்டன்னு விட்டுட்டேன். கண்ணைத்தான் மூடி வெச்சிருக்கேன்னு சொன்னியே, அதை நம்பி அப்பப்ப நிம்மதியா தூங்கியிருக்கேன்டா நான். அம்மா கையையுமா வெட்டின? அவ விடமாட்டேன்னு பிடிச்சிட்டிருந்த கையையா?"

கையிலிருந்த பிரிண்ட்டை மேஜைமேல் வைத்தாள். வீசவில்லை, கிழிக்கவில்லை, வைத்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பார்க்கத்தான் அவனுக்குத் தெரியும்.

பெரிய பிரிண்ட்டையும் சின்னதையும் கிழித்துக் குப்பையில் போட்டான். கம்ப்யூட்டரில் கைகள் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். நானூற்றில் அந்தக் கையைக் கண்டுபிடித்துவிட்டான். பெயர்: 'மடி_இடது_37'. அவ்வளவுதான் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா போனதிலிருந்து அவர் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார். டி.வி. போடுவதில்லை. பகலெல்லாம் அந்தப் படத்தைத்தான் பார்க்கிறார். இவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் திரும்பாமலே பேசினார்.

"இங்க வாடா. உங்கம்மா கையைப் பாரு."

இவன் பக்கத்தில் போய் நின்றான்.

"முகத்தைப் பார்த்தா தாங்க முடியல. அதான் கையையே பார்த்துட்டு இருக்கேன். நாப்பது வருஷம் எனக்கு எல்லாம் செஞ்ச கைடா இது. எவ்வளவு அமைதியா வெச்சிருக்கா பாரு."

கூடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா, நான் சொல்றது சரிதானே?"

"ஆமாப்பா" என்றான்.